வெ.ப.வும் மொட்டை மாடி வெயிலும்

அக்டோபர் 28, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. வாசல் பெருக்கும்போது கவனித்தேன், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு ஒரு காலோடு இன்னொரு காலைப் பின்னி நிற்கிறேன். கொக்கு மாதிரி. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இப்படி நின்றால் அது திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அரிப்பு. கூடவே வெள்ளைப்படுதல். இந்த வருஷம் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். முழுதாக எழுதவும் கூச்சமாக இருக்கிறது. இனி வெ.ப. எழுதிப் பார்த்தால் ஏதோ புதுக் கட்சி பெயர் மாதிரி இருக்கிறது. எந்தத் தேர்தலிலும் தோற்காத கட்சி.

அடுத்த வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள், டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குச் சேர வேண்டும். பிளவுஸ் பிட் கவுன்ட்டர். நாள் முழுக்க நிற்கணும். பேக்கரி வேலை போனது இந்த வெ.ப.வால்தான். ஓனர் கேட்டார், "ஏம்மா எப்பப் பாத்தாலும் நெளிஞ்சிக்கினே கீற? எறும்பு கடிக்குதா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கடை முழுக்க எறும்பு மருந்து அடித்தார். மறுநாளும் நெளிந்தேன். அதோடு நானே நின்றுவிட்டேன்.

இதுவும் போனால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். பத்தாவதோடு நின்றவள், பதினெட்டு முடிந்தவள். சும்மா இருந்தால் அடுத்து ஜாதகத்தை எடுப்பார்கள்.

அக்டோபர் 29, புதன்

மழை. அம்மாவிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், "அம்மா, மறுபடி" என்றேன். அம்மாவுக்கு அது போதும்.

"சூடு. போனப் பாத்துக்கினே கண்ணு முழிச்சா சூடு ஏறாம இன்னா ஆவும்?"

அம்மாவுக்கு எல்லாமே சூடுதான். பரு, முடி கொட்டுவது, அண்ணன் கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டது, எல்லாம்.

இன்று உள்ளே போனவை: ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர், சோற்றுக் கற்றாழை (கசப்பு, வழவழ, பாதியைத் துப்பினேன்). தலைக்கு நல்லெண்ணெய். மழையில் எண்ணெய்க் குளியல். இப்போது வெ.ப.வோடு சளியும்.

அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார். "இளநி யாருக்கு?"

"செல்விக்கு. சூடு."

"எனக்குந்தான் சூடு" என்று பாதியைக் குடித்துவிட்டார்.

அக்டோபர் 30, வியாழன்

மழை விட்டது. மாத்திரை வாங்க டவுனுக்கு பஸ். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் வாங்கவே முடியாது, மெடிக்கல் மாமா அப்பாவோடு படித்தவர்.

டவுன் கடையில் ஆண்கள் கூட்டம். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று இருமல் மிட்டாய் கேட்டேன். பிறகு பஞ்சு. பிறகு ஒரு சீப்பு. கடைசியில் பழைய காலி அட்டையைக் காட்டினேன்.

"போன தடவையும் இதானம்மா வாங்கின?" அடப்பாவி, ஞாபகம் வைத்திருக்கிறான்.

பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தான். இந்தக் கறுப்புக் கவரை யார் கண்டுபிடித்தார்களோ. சாதாரணக் கவரில் கொடுத்தால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். கறுப்பு என்றால் பஸ் மொத்தமும் பார்க்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கவரைப் பிடுங்கினார். அண்ணன் வாரக்கடைசியில்தான் வருவான், அதனால் அண்ணிக்கு மற்ற நாளெல்லாம் நான்தான் கிடைக்கிறேன்.

"இதையே எத்தினி தடவ முழுங்குவ? நான் குடுத்த கிரீமும் கேக்கலியா?"

"கேக்கல அண்ணி."

"நாளைக்கு டாக்டருகிட்ட போறோம். நீ வாயே தொறக்காத. எல்லாம் நான் பேசிக்கறேன்."

நிம்மதி.

அக்டோபர் 31, வெள்ளி

செங்கம் ரோடு, லேடி டாக்டர். மேகம், மழை இல்லை. பெஞ்சு முழுக்கப் பெண்கள். என் பேரைக் கூப்பிட்டதும் அண்ணி என்னை உள்ளே தள்ளினார். "நீ போ. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

டாக்டர் நிமிரவே இல்லை. "சொல்லு."

"கால்ல அரிப்பு."

"காட்டு." காட்டினேன். "ஒண்ணும் இல்லையே."

"கொஞ்சம் மேல டாக்டர்."

"முட்டியா?"

"இன்னும் மேல."

பேனாவை வைத்துவிட்டார். "இப்படியே நீ மேல ஏறிக்கிட்டே இருந்தா நான் எப்பம்மா மத்தியானம் சாப்பிடறது?"

தைரியத்தைத் திரட்டி வாயைத் திறந்தேன். வந்தது: "வெ.ப."

"என்னது?"

"வெ... வெள்ளை..."

"வெள்ளைப்படுதா! அரிப்பும் இருக்கா! எத்தனை மாசமா!" மைக் வைத்த மாதிரி குரல். எங்களுக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். வெளியே பேச்சு மொத்தமும் நின்றது.

பிறகு கேள்வி மேல் கேள்வி.

"மாத்திரை எத்தனை நாள் போட்ட?"

"சரியாகற வரைக்கும்."

"சரியாயிடுச்சுன்னு யார் சொன்னா?"

"நானே."

"சரிங்க டாக்டர்" என்றார் என்னைப் பார்த்து. "கிரீம்?"

"அண்ணியோடது." வெளியே அண்ணி இருமுவது கேட்டது.

"சோப்பு போட்டுக் கழுவறியா?"

"நல்லா போடுவேன். மருந்து சோப்பு. தினம் நாலு வாட்டி."

தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் வெறும் தண்ணீர்தானாம். "ஜட்டியெல்லாம் எங்க காய வைக்கிற?"

"பாத்ரூம்ல. கொடியில." கொஞ்சம் யோசித்து, "துண்டுக்கு அடியில."

"ஈரத் துண்டா?"

"ஆமாங்க."

"அப்ப நீ காய வைக்கல. ஊற வைக்கிற."

"யாராச்சும் பாத்துடுவாங்க டாக்டர்."

"பாத்தா? பொண்ணுங்க ஜட்டி போடுவாங்கன்னு தெரிஞ்சிடும், அவ்ளோதான? வெயில்ல போடு. ஈரத்தோட எடுத்து மாட்டிக்காத."

பரிசோதனை பற்றி எழுத மாட்டேன். சுவரில் ஒரு காலண்டர், அதில் ஒரு குண்டுக் குழந்தை. முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சுக் குச்சியில் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ரத்தமும் எடுத்தார்கள், சர்க்கரை இருந்தாலும் இப்படித் திரும்பத் திரும்ப வருமாம். லேப் சொல்லும் வரை மாத்திரை வேண்டாம், ஒரு களிம்பு மட்டும்.

தலை குனிந்தபடி வெளியே வந்தேன். பூமி பிளக்கவில்லை. பெஞ்சு ஓரத்தில் இருந்த பர்தா அக்கா மெதுவாகச் சொன்னார், "நானும் துண்டுக்கு அடியிலதான்மா போடறேன்."

பக்கத்தில் இருந்தவர்: "நான் பாவாடைக்கு அடியில."

அவருக்கும் அந்தப் பக்கம்: "நீங்க பரவால்ல. எங்க மாமியா கொடியிலயே போட வுடாது. கதவுக்குப் பின்னால ஒரு ஆணி கீது, அதுல."

ஆணி என்றதும் ஒருத்தர் சிரித்தார். பிறகு பெஞ்சு முழுக்க ஒரே பேச்சு, யாருக்கு எவ்வளவு நாளாக, யார் என்ன தின்றார்கள் என்று. வெந்தயம் எல்லோருமே தின்றிருக்கிறார்கள்.

அண்ணியைக் காணோம். செருப்புகள் மட்டும் கிடந்தன. திரைக்குள்ளிருந்து டாக்டர் குரல்: "ஓ, கிரீம் ஓனர் நீதானா!"

நவம்பர் 2, ஞாயிறு

மறுபடி மழை. சர்க்கரை இல்லையாம், நார்மல். அம்மா: "பாத்தியா, நான் சொன்னேன்ல, சூடுதான்."

அண்ணன் வந்திருக்கிறான். அண்ணியும் நானும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெந்தயத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றினேன். அண்ணி பார்த்தார். தன் டம்ளரையும் என்னிடம் நீட்டினார்.

அரிப்பு கொஞ்சம் கம்மி. நம்பவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல், பிறகு வெறும் மேகம். கிளினிக்கிலிருந்து போன். அது ஈஸ்ட் கிருமிதானாம், ஆனால் நான் இத்தனை நாள் விழுங்கிய மாத்திரைக்கு அசையாத ரகம். வேறு மருந்து. அப்பா ஆட்டோவிலேயே போய் வாங்கிவந்தோம். கறுப்புக் கவர் வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானே பயந்துவிட்டேன்.

மாதக்கணக்கில் போட வேண்டுமாம். டாக்டர் போனிலும் அதே சத்தம்: "நடுவுல சரியான மாதிரி இருக்கும். அப்பதான் நீ ஏமாறுவ. நிறுத்தினன்னா மறுபடி மொதல்லேர்ந்து."

அப்பா, "இன்னாம்மா, யாரைத் திட்றாங்க?" என்றார். என்னைத்தான் என்றேன். மேலே கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

சாயங்காலத்திலிருந்தே கிரிவலக் கூட்டம்.

நவம்பர் 5, புதன், பௌர்ணமி

வெயில்! மலை முழுசாகத் தெரிகிறது, கழுவி வைத்த மாதிரி. எங்கள் பக்கத்துக்கு மலையைத் தாண்டித்தான் சூரியன் வர வேண்டும், அதனால் கொஞ்சம் தாமதம். நாளைக்கு வேலை. பீரோவில் ஈரமில்லாமல் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் துவைத்து வாளியோடு மொட்டை மாடிக்குப் போனேன்.

அங்கே போனதும்தான் உறைத்தது. எங்கள் வீடு கிரிவலப் பாதைக்கும் மலைக்கும் நடுவில். பாதையில் போகிறவர்கள் நிமிர்ந்து மலையைக் கும்பிட்டால் எங்கள் மாடியைத் தாண்டித்தான் மலை. பின்பக்கம் கட்டலாம் என்றால் புளியமரம், நாள் முழுக்க நிழல்.

கீழே வாசலில் அம்மா சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்தார். கிளிப்பை எடுத்தபோது பார்த்துவிட்டார்.

"ஏய் செல்வி! இன்னாடி பண்ற? ஊரே சாமி கும்பிட்டுக்கினு போவுது!"

"வெயில்ல போடணும்மா."

"நாளைக்குப் போடு!"

"நாளைக்கு வேலைம்மா."

"அப்பா வேட்டிய எடுத்து மேல போத்துடி!"

படிக்கட்டிலிருந்து அண்ணி: "போத்துனா மறுபடியும் ஊறும் அத்தை. காப்பி கேக்கறாங்க பாருங்க."

முதலில் ஒன்றை மாட்டினேன். சரியாக அப்போது கீழே ஒரு கூட்டம் நின்றது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, நேராக என் பக்கம். கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். முழங்காலில் முகம். அரோகரா நின்றது. அடுத்த கூட்டம் வந்தது. மறுபடி அரோகரா.

மெல்ல எட்டிப் பார்த்தேன். எல்லார் கண்ணும் மலை மேல். பச்சைப் புடவைக்காரர் ஒருவர் மட்டும் கொடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அம்மாவிடம் இன்னொரு காப்பி கேட்டார்.

எழுந்தேன். வாளியில் மிச்சம் இருந்ததையும் உதறி மாட்டினேன். பிறகு அண்ணி கொண்டுவந்ததையும்.