வந்து சொன்ன பையன்

அன்புள்ள அப்பாவுக்கு,

கெசியா எழுதுகிறேன். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? போனில் பேசினால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

சிங்காநல்லூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பம்ப் கம்பெனியில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. உடனே ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிடாதீர்கள். ரிட்டயரான பிறகும் பாதிச் சம்பளத்துக்கு வந்துகொண்டிருந்த பெரியவர்களை நிறுத்திவிட்டுத்தான் தற்காலிகமாக இருந்த எங்களை நிரந்தரமாக்கினார்கள். அவர்கள் மலிவாகக் கிடைக்கும்வரை எங்களுக்கு வழியில்லை என்று கேன்டீனில் அதிகம் பொருமியவளும் நான்தான். அந்தப் பெரியவர்களில் ஒருவரான மயில்சாமி ஐயாவிடம் போய், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லும் வேலையை மேனேஜர் என் தலையிலேயே கட்டினார்.

சொன்னேன். அவர் என்னைத் தேற்றினார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க அம்மணி? மொதல்ல போயி சாப்புடுங்க. ஊட்டுல மட்டும் இப்பச் சொல்ல மாட்டேனுங்க. நாளைக்கும் டிபன் பாக்ஸோட கெளம்பி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்குவேனுங்க" என்று சிரித்தார்.

அதிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் போவதில்லை. தெருவெல்லாம் சுற்றித்தான் வேலைக்குப் போகிறேன்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். என் பழைய போர்வையும் வேண்டும். இங்கே வாங்கியதில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. மில்லில் உங்களை நிறுத்தியதாக வந்து சொன்ன பையனை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். போதும் அப்பா. அன்றைக்கு அவனும் சாப்பிட்டிருக்க மாட்டான்.

உங்கள் மகள்,
கெசியா