இருங்க, நானும் வாரேன்

அம்மா,

இன்று காலை சாரல் விழுந்ததும் அப்பா வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினார். கதவுக்கு மேலே நான் பொருத்திய சின்ன வெள்ளைப் பெட்டி உன் குரலில் பேசியது.

"இருங்க, நானும் வாரேன்."

அவர் நின்றார். வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

உன் சேலைகளைப் பெரியம்மா எடுத்துப் போய்விட்டாள். மூக்குக்கண்ணாடியை யாரோ உள்ளே எடுத்து வைத்தார்கள், எங்கே என்று தெரியவில்லை. குரல் மட்டும் கதவுக்கு மேலே இருக்கிறது. இரண்டு பேட்டரியில்.

போன வருடம் சீசன் தொடங்கிய நாளில்தான் அவர் முதல்முறை காணாமல் போனார். போலீஸ் ஏட்டாக இருந்த காலம் முழுக்க சீசனுக்குச் சீசன் குற்றாலம் மெயின் அருவியில் டூட்டி. தண்ணீர் கூடினால் விசில் அடித்துக் குளிக்கிறவர்களை வெளியேற்ற வேண்டும். அவர் நினைவிலிருந்து என் பெயர் போனது, வீட்டு விலாசம் போனது, சாப்பிட்டதும் சாப்பிடாததும் போனது. டூட்டி போகவில்லை. முகத்தில் சாரல் பட்டால் கிளம்பிவிடுவார். குற்றாலம் போகிற ரோட்டில், இலஞ்சி வளைவில், கைலிமேல் போலீஸ் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கையைக் காட்டிக் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார் என்று போனில் சொன்னாய். சிரித்தாய். சிரிப்புக்குப் பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்தாய்.

அந்த மௌனத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு வெளியே போனார்?" என்றுதான் கேட்டேன்.

அதுதான் என் வேலை. மறதி நோய் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் கருவிகள் வடிவமைக்கும் ஒரு சிறிய நிறுவனம், பெங்களூரில். அடுத்த விடுமுறைக்கு அந்தப் பெட்டியோடு வந்தேன். கதவு அசைந்தால் பேசும். பேசவேண்டியதை நானே எழுதி வைத்திருந்தேன்: வெளியே செல்ல வேண்டாம், உள்ளே வாருங்கள்.

"இது என்னளா, ரயில்வே ஸ்டேசன்ல சொல்லுத மாதிரி இருக்கு" என்றாய்.

"நீயே சொல்லு. உன் குரல்தான் அவருக்குப் பழக்கம்."

"என் கொரலக் கேட்டு இத்தன வருசத்துல ஒருநாள் நின்னுருக்காரா? டப்பா சொன்னா நின்னுருவாராக்கும்." பிறகு வெங்காயம் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தாய். "போகாதீங்கன்னு சொல்லக் கூடாதுட்டி. போலீஸ்காரருக்குக் கோவம் வந்துரும். நானும் வாரேன்னு சொன்னா நிப்பாரு. நான் செருப்பத் தேடி மாட்டுததுக்குள்ள எதுக்குக் கெளம்புனோம்னே மறந்துருவாரு."

"மறக்கலன்னா?"

"போவ வேண்டியதுதான். தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வருவோம்."

மைக் முன்னால் ஒரே தடவை சொன்னாய். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. அழிக்கலாமா என்று கேட்டேன். கெடக்கட்டும் என்றாய்.

பெட்டி வேலை செய்தது. அலுவலகத்தில் பாராட்டினார்கள். அடுத்து உனக்காக ஒன்று செய்தேன். பார்த்துக்கொள்கிறவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். சமையலறைச் சுவரில் ஒரு டேப்லெட். காலையில் அது கேட்கும்: இன்று நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கீழே மூன்று முகங்கள். சிரிப்பது மஞ்சள், பேசாமல் இருப்பது நீலம், அழுவது சிவப்பு. நீ தொட்டது என் போனுக்கு வரும்.

தினமும் மஞ்சள் வந்தது. பல் தேய்க்கும் முன்பே பார்ப்பேன். அம்மா நன்றாக இருக்கிறாள். அதற்குப் பிறகு போன் செய்யத் தோன்றாது. செய்தாலும் அப்பா தூங்கினாரா, மாத்திரை போட்டாரா. ஒரு கூட்டத்தில் உன் மஞ்சள் முகங்களை வரிசையாகத் திரையில் போட்டுக் காட்டினேன். என் குரலில் பெருமை இருந்தது.

சீசனுக்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம், சமையலறையில் விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று காலையும் மஞ்சள்தான்.

உன்னை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, ஹாலில் சொந்தக்காரர்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த போன் அதிர்ந்தது.

அம்மா: மஞ்சள்.

எழுந்து ஓடினேன். அப்பா டேப்லெட் முன்னால் நின்றிருந்தார். விரல் இன்னும் அந்த முகத்தின் மேல் இருந்தது.

"என்னப்பா பண்ணுதீங்க?"

"அமுக்கிட்டேன்" என்றார், கையெழுத்துப் போட்டு முடித்தவர் போல. "அவ அமுக்கச் சொல்லுவா. அமுக்கினா காப்பி தருவா." அடுப்பைப் பார்த்தார். "எங்க அவ?"

எனக்கு வந்த ஒவ்வொரு மஞ்சளும் அவர் விரல். அவருக்கும் காலையில் ஒரு வேலை வேண்டும் என்று நீ நினைத்திருக்கிறாய். நல்ல யோசனை அம்மா. எனக்கு வராத யோசனை. அவருக்கு மஞ்சள் பிடிக்கும்.

எதிர்வீட்டு அக்கா பிறகு சொன்னாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாயாம். "ஆஸ்பத்திரிக்கிப் போவோம், நான் கூட வாரேன்னேன். இவர யாரு பாத்துக்குவான்னா. மகள்கிட்ட சொல்லுன்னேன். அவ பாவம், தெனமும் காலையில நம்மள விசாரிக்கா, அதுவே போதும்னுட்டா."

விசாரித்தது நான் இல்லை. சுவரில் இருந்த ஒரு பலகை. உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் உன்னைத் தெரிந்துகொள்ள வழி கண்டுபிடித்தவள் நான். கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் மூச்சு வாங்குவது போனில் கேட்டிருக்கும்.

பெட்டியிலிருந்து உன் குரலை அழித்துவிட நினைத்தேன். வரமாட்டாத ஒருத்திக்காக ஒரு மனிதரைக் கதவருகே நிறுத்தி வைப்பது சரியா? அழித்தால் அவர் ரோட்டுக்குப் போய்விடுவார். முடிவு எடுப்பதற்குள் இந்த வருடத்து முதல் சாரல் வந்துவிட்டது.

அன்றும் இதேபோல் தாழ்ப்பாள் சத்தம். உன் குரல். குக்கர் விசில்.

அவர் நின்றார். மறக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏளா, சீக்கிரம் வா. தண்ணி கூடிட்டு" என்றார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை குரலில் பயம் இருந்தது.

கதவுக்குப் பின்னால் உன் செருப்பு கிடந்தது. மாட்டிக்கொண்டேன். ஆணியில் தொங்கிய உன் குடையை எடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார். நடந்தார்.

தெரு முக்கில் டீக்கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"ஏட்டையா, மெயின் அருவியில வெள்ளம். குளிக்கத் தடை போட்டாச்சு. எல்லாரையும் வெளியேத்தியாச்சு."

அப்பாவின் தோள்கள் இறங்கின. "ஒருத்தனையும் உள்ள விடாத" என்றார்.

"விட மாட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க." பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்: "ஒங்கம்மா சொல்லி வச்சதும்மா. அருவியில தண்ணியே இல்லாத நாள்லயும் இதத்தான் சொல்லுவேன்."

கருவிக்காக நான் போட்ட எந்த வரைபடத்திலும் அந்த டீக்கடை இல்லை.

டேப்லெட்டிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். முகங்களை விட்டு வைத்தேன். காலையில் மஞ்சளை அமுக்குகிறார், காப்பி கொடுக்கிறேன். அந்தச் செய்தி எனக்கு இப்போது வருவதில்லை. வேலையை இங்கிருந்து பார்க்கிறேன். கருவியைச் சோதிக்கச் சேர்ந்திருக்கும் வீடுகளில் இருப்பவர்களை நானே போனில் கூப்பிடுகிறேன். அவர்கள் பேசி நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போவதில்லை.

உன் குரலை அழிக்கவில்லை. நீ வருகிறேன் என்று சொல்கிறாய். யாராவது வரவேண்டும் இல்லையா.

இன்று காலையும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனேன். உன் செருப்பு எனக்கு ஒரு விரல் அளவு சின்னது. குதிகால் வெளியே நிற்கிறது. தெரு முக்கு வரை போய்த் திரும்புவதற்குள் அந்தக் குதிகால் நனைந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்த பிறகு பார்த்தேன். தரையில் அப்பாவின் ஈரக் காலடிகள், பக்கத்தில் என்னுடையவை, குதிகால் மட்டும்.