அடுத்த வாரத் தலைமை

பிப்ரவரி 4

அன்புள்ள வாண்டுவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் டிரைவர் கொண்டுவந்த மூன்று வெள்ளைச் சட்டைகளில் இரண்டுக்குக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துவிட்டேன். நாட்டுக்கே தலைவரானவன் புதுச்சட்டை வாங்காமல் பழைய காலரைத் திருப்பிப் போடுகிறான் என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "ஆமாம்மா, தலை பெருத்தாலும் கழுத்து அளவு கூடலை பாருங்க" என்றார். பாராட்டுகிறாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டைகள் அடுத்த முறை டிரைவரோடு வரும். இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஜெனரல் காலத்தில் ஒவ்வொரு உறையையும் ஆவி காட்டிப் பிரித்து, கோணல்மாணலாக ஒட்டி அனுப்புவார்கள். இப்போது நான் ஒட்டிய உறையை நீதான் பிரிக்கிறாய். இதற்காகத்தானே உன் அத்தான் உயிரைக் கொடுத்தார்?

ஞாயிற்றுக்கிழமை உன் ரேடியோ பேச்சைக் கேட்டேன். ஒரு மணி ஐம்பது நிமிடம்! நம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் ரகசியமாகக் கூடிய நாட்களில், யாராக இருந்தாலும் இரண்டு நிமிடம்தான். தலைமை நாற்காலியும் வாரம் ஒருவருக்கு. அத்தான் போட்ட விதி அது. நீ உட்கார்ந்து அறுபது வாரம் ஆகிறது. எண்ணுவது என் கெட்ட பழக்கம், பொறுத்துக்கொள்.

இனி முக்கியமான விஷயம். நேற்று நம் கம்பவுண்டரின் மனைவி வந்து அழுதாள். அவரைப் பிடித்துப் போயிருக்கிறார்களாம். நான்கு வருடத்துக்கு முன்னால், அந்த நவம்பர் பதினேழாம் தேதிக் கூட்டத்திலிருந்து நாலு மணிக்கு நழுவிப் போய் போலீஸுக்குச் சொன்னது அவர்தான் என்று குற்றச்சாட்டு. யாரோ ஒரு குமாஸ்தா செய்த குளறுபடியாக இருக்க வேண்டும். நீ கவலைப்படாதே. கூட்டக் குறிப்புகள் எழுதியது நான் அல்லவா? அடித்தல் திருத்தல் இல்லாத நல்ல நோட்டு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆறு மணிக்குக் கதவை உடைக்கும்வரை அவர் அந்த மேசையை விட்டு எழவில்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன். என்றைக்கு வரட்டும்?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 12

என் அன்பு அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்தாலே முதுகு நிமிர்ந்துவிடுகிறது. இன்னும் அடிக்கோல் உன் கையில் இருப்பதுபோல் ஒரு பயம்.

கம்பவுண்டர் விஷயத்தை உன்னிடம் நேரில் சொல்ல நினைத்தேன். உனக்கு வலிக்கும் என்றுதான் தள்ளிப்போட்டேன். அத்தானைக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான். சாட்சிகள் இருக்கிறார்கள். உன் வீட்டுக் கோப்பையில் தேநீர் குடித்துவிட்டு உன்னை விதவையாக்கியவனுக்காகவா நீ பரிந்து பேசுகிறாய்? அன்று இருந்த பதற்றத்தில் உன் பேனா ஒன்றிரண்டை மாற்றிக் குறித்திருக்கலாம். அது மனித இயல்பு.

நீ அலையாதே. விடுதலை அருங்காட்சியகத்தில் உன் நோட்டுக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் ஓர் உதவி. இத்துடன் தோல் அட்டை போட்ட புது நோட்டு அனுப்புகிறேன். அதில் எல்லாவற்றையும் உன் கையாலேயே மறுபடி எழுதிக் கொடு. அந்த நவம்பர்ப் பக்கத்தை மட்டும் சற்று ஒழுங்குபடுத்து. எப்படி என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். நம் துண்டறிக்கைகள் எல்லாம் உன் கையெழுத்தில்தானே ஊர் முழுக்கப் போயின? அச்சடித்ததை நம்பாதவர்களும் அந்தக் கையெழுத்தை நம்புவார்கள்.

தேர்தல் நிச்சயம் வரும். நிலைமை கொஞ்சம் அடங்கட்டும்.

உன் வாண்டு


பிப்ரவரி 20

அன்புள்ள வாண்டுவுக்கு,

புது நோட்டு மிக அழகு. திருப்பி அனுப்புகிறேன்.

என் பேனா பதறியதில்லை. போலீஸ் வந்த மறுநாள், உன் அத்தானைக் கொண்டுபோன மறுநாள், அதே மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மையால் எழுதினேன். வீட்டில் அழுவதற்கு ஆள் இல்லை, அதனால் எழுதினேன். நாலு பத்துக்குக் கம்பவுண்டர் பேசினார். ஐந்தரைக்கு ஒரு தீர்மானம் முன்மொழிந்தார்: நாம் வென்ற பிறகும் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் தலைமையில் இருக்கக் கூடாது. வழிமொழிந்தது யார் தெரியுமா? நீ. கையை உயர்த்தியபோது தேநீரைத் தட்டிவிட்டாய். மேசை விரிப்பில் கறை இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் அதையும் கண்ணாடிப் பெட்டியில் வை.

கதவை உடைத்தபோது முதுகால் தாங்கி நின்றது அவர். மணிக்கட்டு முறிந்தது. அந்த நேரத்தில்தான் நீ சமையலறை வழியாகச் சுவரேறிக் குதித்தாய். இன்றும் அவருக்குப் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது, மனைவிதான் திறந்து கொடுப்பாள். அந்தக் கை உனக்கு நினைவில்லையா?

நீதிமன்றம் கேட்டால் நோட்டைத் தருவேன். என் தம்பி கேட்டால் படித்துக் காட்டுவேன். திருத்தி எழுத மாட்டேன்.

இன்னொன்று. உன் கடிதம் கோணலாக ஒட்டப்பட்டு வந்தது. பசைகூட அதே பசை. தலைவரின் கடிதத்தையே பிரித்துப் பார்க்கிறார்களா, அல்லது எனக்கு வருவதால் பிரிக்கிறார்களா?

உன் அக்கா


மார்ச் 2

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பணிச்சுமை காரணமாக இதைத் தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

வழக்கு விசாரணை இம்மாதம் இருபதாம் தேதி. நீங்கள் வயதில் மூத்தவர், இழப்பைச் சந்தித்தவர். தங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆவணப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அலுவலர்கள் இருவர் வந்து நோட்டைப் பெற்றுக்கொள்வார்கள். ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வார நாற்காலி எட்டுப் பேருக்குச் சரி. ஒரு நாடு உங்கள் சாப்பாட்டு மேசை அல்ல.

தலைவர்,
இடைக்கால ஆட்சிக் குழு


மார்ச் 9

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் ஆட்கள் ஆறாம் தேதி வந்தார்கள். மிதியடி இருக்கிறது, ஆனாலும் செருப்பைத் துடைக்காமல் உள்ளே வந்தார்கள். ஜெனரலின் ஆட்களும் துடைத்ததில்லை.

"நோட்டை எடுங்க பெரியம்மா, எங்களுக்கு இன்னும் நாலு வீடு இருக்கு" என்றான் நெட்டையன்.

"கால்ல சேறோட வந்துட்டு என்ன அவசரம்? யாரு உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது?"

குட்டையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்கதாம்மா. நாலாங் கிளாஸ்ல."

கூர்ந்து பார்த்தேன், அவனேதான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஏழில் தடுக்கி விழுபவன். ரசீது எழுதிக் கொடுத்தான். என் கையெழுத்தைப் போலவே எழுதுகிறான். இனி நோட்டை எழுதித் தர நான் தேவையில்லை அல்லவா?

நான் யாரிடமும் கெஞ்சி உனக்குத் தெரியாது. அத்தானை லாக்கப்பில் வைத்திருந்தபோது அந்த வாசலில்கூட நிமிர்ந்துதான் நின்றேன். பிணத்தைக் கொடுத்தபோதும். இப்போது கெஞ்சுகிறேன். அம்மா போனபோது உனக்கு மூன்று வயது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாய், கையை எடுத்தால் விழித்துக்கொள்வாய். அந்தப் பிள்ளையிடம் கேட்கிறேன். நோட்டு போகட்டும், கண்ணாடிப் பெட்டியும் உன் நாற்காலியும் உன்னிடமே இருக்கட்டும். அந்த மனிதரைத் தூக்கில் போடாதே. வெளியூருக்கு அனுப்பிவிடு. நான் வாயே திறக்க மாட்டேன்.

பதில் உன் கையால் எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா


மார்ச் 14

பெறுநர்: மனுதாரர்

தங்கள் மனு கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது. இது தொடர்பாக மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து வேண்டாம்.

(கையொப்பம் தேவையில்லை)


மார்ச் 18

வாண்டு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. இரண்டாவது சட்டையின் மடிப்புக்குள், அட்டைக்குப் பின்னால் வைத்து ஊசி குத்தியிருக்கிறேன். கையைக் குத்திக்கொள்ளாதே. அந்தக் காலத்தில் துண்டறிக்கைகளை இப்படித்தானே அனுப்புவோம்? பாவம், டிரைவருக்கு எதுவும் தெரியாது. அவரை விட்டுவிடு.

உன் ஆட்கள் கொண்டுபோனது நல்ல நோட்டு. நீ என்னிடம் பத்து வருடம் படித்தவன். முதலில் ரஃப் நோட்டு, பிறகுதான் நல்ல நோட்டு என்று உன் முட்டியில் அடித்து அடித்துச் சொல்லியிருக்கிறேன். நல்ல நோட்டில் ஓர் அடித்தல்கூட இல்லையே, அடித்ததெல்லாம் எங்கே போனது என்று உனக்குத் தோன்றவில்லையா? போலீஸ் கதவை உடைத்தபோது ரஃப் நோட்டைத்தான் மாவு டப்பாவுக்குள் செருகினேன். இன்னும் உதறினால் மாவு கொட்டுகிறது. அது இப்போது வீட்டில் இல்லை, தேட வேண்டாம்.

கான்வென்ட்டில் தப்பு செய்தால் எங்களை நூறு தடவை எழுதச் சொல்வார்கள். சிஸ்டர் உட்கார்ந்து எண்ணுவார், தொண்ணூற்றொன்பது இருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. எழுபத்தொரு வயதில் எனக்கு நானே அந்தத் தண்டனையைக் கொடுத்துக்கொண்டேன். உன்னை வளர்த்தவள் நான்தானே? நவம்பர் பதினேழாம் தேதிப் பக்கம், நாளுக்குப் பத்துப் பிரதி. உன்னிடம் கெஞ்சி எழுதிய அன்றே முப்பது முடித்திருந்தேன். கெஞ்சியதும் உண்மை, எழுதியதும் உண்மை. நீ ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருப்பேன். அந்த அச்சடித்த அட்டை வந்த பிறகுதான் பையை எடுத்தேன்.

நான்கு நாளாகக் காலையில் காய்கறி வாங்கப் போகிறேன். ஒரு கிழவியை யார் நிறுத்துவார்கள்? அப்போதும் நிறுத்தவில்லை. தொண்ணூற்றொன்பது கதவுகளின் அடியில் போட்டுவிட்டேன். வக்கீல்கள் வீடு, ஆசிரியர் வீடு, ரேடியோ நிலையத்துக் காவலாளி வீடு, உன் நெட்டையன் வீடுகூட. இன்று காலை எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா கையெழுத்து கொஞ்சம் நடுங்குது போலிருக்கே" என்றார். "குளிர்" என்றேன். "ஆமாமா, எல்லாருக்கும்தான் குளிருது. ஆனா நாளான்னிக்குக் கோர்ட்டுக்குப் போகாம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினார். இரண்டு நாள் கடை கிடையாதாம்.

என்னை அழைத்துப்போக ஆள் அனுப்புவாய். ஒன்பது மணிக்கு மேல் அனுப்பு, குளித்துவிட்டுத் தயாராக இருப்பேன். கதவை உடைக்க வேண்டாம், தாழ்ப்பாள் போடவில்லை. செருப்பைத் துடைத்துவிட்டு வரச் சொல்.

மூன்றாவது சட்டையின் காலரைத் திருப்ப முடியவில்லை. ஒரு முறை திருப்பியதை இன்னொரு முறை திருப்பினால் பழைய கிழிசல்தான் மேலே வரும். அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

நூறாவது பிரதி உனக்கு. உரக்கப் படி. தப்பு இருந்தால் சிவப்பு மையில் குறித்து அனுப்பு.

அக்கா

இணைப்பு:

நவம்பர் 17. கூட்டம் தொடக்கம் மாலை 3.30. வந்தவர்கள் எட்டுப் பேர். இடையில் வெளியே சென்றவர் யாருமில்லை.

4.10. கம்பவுண்டர் இரண்டு நிமிடம் பேசினார். மருந்துத் தட்டுப்பாடு பற்றி.

5.30. தீர்மானம்: வெற்றிக்குப் பிறகு எவரும் ஒரு மாதத்துக்கு மேல் தலைமையில் இருக்கலாகாது. முன்மொழிந்தவர் கம்பவுண்டர். வழிமொழிந்தவர் என் தம்பி. ஆதரவு எட்டு. எதிர்ப்பு இல்லை.

இந்த வாரத் தலைமை: என் தம்பி.

அடுத்த வாரத் தலைமை: கம்பவுண்டர்.