ஒயருக்கும் காது உண்டு

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். மற்ற கதைகளுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பாட்டில் கிதார் வாசிக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று போன வாரம் போனில் சொன்னேன் அல்லவா, அதை மறந்துவிடு. யாரிடமாவது பேசியிருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஏன் அப்படிச் சொன்னேன், இப்போது ஏன் மாற்றுகிறேன் என்பதெல்லாம் எனக்குப் போனில் வராது, பாதியில் சரி வைக்கிறேன் என்று வைத்துவிடுவேன். எழுத்தென்றால் அந்தப் பக்கம் யாரும் காத்துக்கொண்டிருப்பதில்லை.

நீ சின்ன அறைக்கு மாறியபோது இடமில்லை என்று அனுப்பிவைத்த மரப்பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ரேக் சட்டம், அதில் பூட்டுகிற பெட்டிகள், மைக், எல்லாமே நீ சுற்றிய பழைய ஸ்வெட்டருக்குள் சின்னக் கீறல்கூட இல்லாமல் இருந்தன. அந்த ஸ்வெட்டரை ஏன் அனுப்பினாய், அங்கே குளிருக்கு எதைப் போடுகிறாய் என்று அத்தை கேட்கிறாள். உன் அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் ரேக்கை நிறுத்தினோம். என் கிதாரின் ஆம்பு ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டாயிற்று, கீழ் வீட்டுப் பல் டாக்டருக்குத் தலையில் இடிக்கக் கூடாது பார். அப்பாவுக்கு அன்று வந்த உற்சாகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஃபேக்டரியில் அவரை வயரிங்கிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியதிலிருந்து மனுஷன் வீட்டில் ஒரு பல்பைக்கூட மாற்றாமல் இருந்தார். இப்போது ஸ்பேனரும் கட்டரும் வெளியே வந்துவிட்டன. கனமான பெட்டியை அடியில் போட்டார், மைக் சத்தத்தை ஏற்றுகிற, சூடாகிற ப்ரீஆம்புக்கு மேலே ஒரு இடைவெளி விட்டார், ஒவ்வொரு திருகையும் கையால் பாதி முடுக்கி, நாலு மூலையும் சமமாக உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். பின்பக்கம்தான் அவருடைய ராஜ்ஜியம். தொங்குகிற ஒயர் என்றால் அவருக்கு எப்போதும் ஆகாது. கரண்ட் ஒயர், மைக் ஒயர், கிதாரிலிருந்து எதிரொலி சேர்க்கிற டிலே பெட்டிக்குப் போய் அங்கிருந்து ஆம்புக்கு வருகிற ஒயர், அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே சடையாக வாரி, ஒரு ஓரமாக இறக்கிக் கட்டிவிட்டார். நிஜமாகவே அழகாக இருந்தது. படம் எடுத்துப் பழைய வயரிங் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒருவர் நேரிலேயே வந்து பார்த்து, "கை இன்னும் போகல அண்ணே" என்றார். அன்று அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் ஆம்பிலிருந்து ம்ம்ம் என்று ஒரு உறுமல். நான் வாசித்தால் அதற்கு அடியில் கிடந்து உறுமுகிறது, நிறுத்தினால் இன்னும் தெளிவாக உறுமுகிறது. வயிறு சரியில்லாத மாடு மாதிரி இருக்கு என்றாள் அத்தை. அப்பா ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்த்தார், பால் திரிந்ததுதான் மிச்சம். டியூப் லைட்டை அணைத்தார். மோட்டாரை அணைத்தார். கடைசியில் பல் டாக்டரிடம் போய் அவருடைய மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். அந்த நல்ல மனிதர் நிறுத்தினார், நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் காத்திருந்தாராம். உறுமல் அப்படியே இருந்தது. கிதாரை நேராக ஆம்பில் சொருகினால் சத்தம் இல்லை, ரேக் வழியாகப் போனால் வருகிறது. அதனால் டிலே பெட்டி வழியில் அடிபட்டிருக்கும், "உன் பொண்ணு அனுப்புனதே ரிப்பேர்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ஒன்று நன்றாக இருந்தால் என் பொண்ணு, கெட்டுப்போனால் உன் பொண்ணு, அது உனக்குத் தெரிந்ததுதானே.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு நான் ரேக்கின் பின்னால் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். ஆம்பு ஓடிக்கொண்டிருந்தது. சடையின் அடியில், கட்டுக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கியிருந்த கிதார் ஒயரைத் துணியோடு சேர்த்து இழுத்துவிட்டேன். உறுமல் சட்டென்று மெலிந்தது. விட்டேன், திரும்ப வந்தது. இழுத்தேன், மெலிந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷமாக நான் செய்வது இதுதானே, ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன ஆகிறது பார். டிலே பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் ஒயரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கிதார் ஒயர் அதன் உறுமலை வாங்கிக்கொள்கிறது. அதாவது, அப்பாவுடைய அந்த அழகான சடைதான் குறை. நான் ஒயரை இருந்த இடத்திலேயே தள்ளிவைத்துவிட்டு, ஆம்பை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்து, எனக்கு இதெல்லாம் சரிப்படாது, வேறு யாரையாவது வாசிக்கச் சொல் என்றேன். நீ காரணம் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் செய்த வேலையில் தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் படித்தவள் என்று பெயர்தானே தவிர, வகுப்பில் விடை தெரிந்தாலும் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லி அவளை எழுந்து சொல்லச் சொல்வேன். அதிலும் இத்தனை மாதம் கழித்து முகம் மலர்ந்து நிற்கிற மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது. உன் பாட்டுக்கு ஊரில் கிதார் வாசிக்க ஆளா இல்லை, அவருக்கு இது ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் சீசாவுக்குச் சீட்டு ஒட்டும்போதுகூட விரல் அந்த வாசிப்பையே வாசித்துக்கொண்டிருந்தது. நான் போனை வைக்க மறந்து வாசித்ததை நீ கேட்டுவிட்டு, "அம்மா, அது எனக்கு வேணும், என் பாட்டு அதுலதான் ஆரம்பிக்கணும்" என்றாயே, அந்த வாசிப்பு. இதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அதை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தை கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. நான் இன்னொரு தடவை போய் ஒயரை இழுத்து இழுத்துப் பார்த்தபோது வாசலில் வந்து நின்றாள். "என்ன பட்டதாரி, பாம்பாட்டி மாதிரி ஒயரை ஆட்டிக்கிட்டு நிக்கிற" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "எனக்கும் காது இருக்கு. நீ இழுத்தா மாடு வாயை மூடுது. இதை என் தம்பிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்றாள். அவள் சொன்னால் எப்படிச் சொல்வாள் என்று உனக்கே தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பேப்பர் படித்து முடித்ததும், கொஞ்சம் வாங்க என்று கூப்பிட்டு, ஆம்பைப் போட்டு, அதன் எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் ரேக்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அங்கிருந்தால் அவர் முகம் எனக்குத் தெரியாது. ஒயரை இழுத்தேன், விட்டேன், திரும்ப இழுத்தேன். "டிலே பெட்டி நல்லாத்தாங்க இருக்கு. கரண்ட் ஒயரும் கிதார் ஒயரும் சேர்ந்து படுத்திருக்கறதுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

இது உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும் என்று கேட்டார். பாப்பாவுக்குப் போன் பண்ணுன அன்னைக்கே என்றேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, எழுந்து வெளியே போய்விட்டார். நான் எழவே இல்லை, ரேக்கின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், ஏன் வாயைத் திறந்தோம் என்றுதான் இருந்தது. திரும்பி வந்தவர் கையில் கட்டர். என் பக்கத்தில் வந்து அவரும் குந்திக்கொண்டார். "நான் கட்டுன பேனல்ல எல்லாம் மோட்டாருக்குப் போற ஒயரு. எப்படி வேணாலும் கட்டலாம், அதுக்குக் காது கிடையாது. இதுக்குக் காது இருக்கு, எனக்குத்தான் தோணல" என்றபடி முதல் கட்டை வெட்டினார். அவர் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது சடைக்காக இல்லை. "தப்பைச் சொன்னா நான் என்ன செத்தா போயிடுவேன்? என் ஒயரைக் காப்பாத்த நீ வாசிக்கறதை விடுவியா? இதை எதுக்கு மாட்டினேன்னு நினைச்ச, படம் எடுத்து அனுப்பவா?" என்றார். படமும்தான் அனுப்பினீங்க என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கரண்ட் ஒயரெல்லாம் இடது பக்கம், மற்றவை வலது பக்கம் என்று பிரித்தோம். இரண்டும் குறுக்கே சந்திக்க வேண்டிய ஒரு இடத்தில் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் நேர்க்குறுக்காகத் தாண்டவிட்டார். அவரால் வலது தோளைத் தூக்க முடியாத இடத்தில் நான் பிடித்துக்கொண்டேன், அவர் கட்டினார். ஒத்தச் சடை போய் ரெட்டச் சடை ஆயிடுச்சா, இனி ரிப்பன் ஒண்ணுதான் பாக்கி என்றாள் அத்தை. ஸ்விட்சைப் போட்டோம். ஆம்பு ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக, நீ போனில் சொன்னபடியே வைத்தேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்குகிற கம்ப்ரசரை லேசாக மட்டும் வைத்தேன். யாராவது இருந்தால் எனக்கு விரல் வராது என்பதால் அப்பாவை வெளியே போகச் சொல்ல நினைத்தேன். அவரோ ப்ரீஆம்பின் எதிரே உட்கார்ந்து, சத்தம் மிஞ்சிச் சிவப்பு விளக்கு எரிஞ்சா கைகாட்டறேன் என்று, ஃபேக்டரியில் அழுத்தமானியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்து எழுந்து போங்க என்று சொல்ல மனம் வரவில்லை. சரி, இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். முதல் தடவை தப்பு. அடுத்த தடவை அத்தை தும்மினாள். பிறகு எத்தனை தடவை வாசித்தேன் என்று நினைவில்லை. ஒரு தடவை மட்டும் இடையில் அப்பா இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. முடிந்ததும் அவர் திரும்பாமலே, "இவ்வளவு நாளா இதை நீ கதவைச் சாத்திக்கிட்டா வாசிச்ச" என்றார். அதுவும் மைக்கில் விழுந்திருக்கிறது. வெட்டுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

அந்த ஒன்றைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். நடுவில் ஒரு இடத்தில் விரல் கொஞ்சம் பிந்துகிறது, உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கூச்சப்பட்டு அம்மா பாவம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் பாட்டுக்குப் பொருந்தவில்லையென்றால் பொருந்தவில்லை என்று சொல், வேகம் கூட்டு, குறை என்று சொல், திரும்ப வாசிக்கிறேன். சொன்னால் யாரும் செத்துப்போவதில்லை என்று இந்த வீட்டில் இப்போது தெரிந்துவிட்டது. பாட்டின் ஒலிகளையெல்லாம் சேர்த்துக் கலவை செய்கிற உன் நண்பருக்கு வார முடிவுக்குள் கொடுக்க வேண்டும் என்றாயே, அதற்குள் ஒரு பதில் போடு. பாட்டை ஒரே கணினியில் வைக்காதே, இன்னொரு இடத்திலும் ஒரு நகல் போட்டுவை. ஹெட்போனை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு காதைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிவிட்டு அத்தைக்குப் படம் அனுப்பு, இல்லாவிட்டால் அவள் விடமாட்டாள். அப்பா, அத்தை இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. எடுத்த காரியம் கைகூடி, நீ நினைத்தபடி பாட்டு வெளிவந்து, சந்தோஷமாக இருக்க வேண்டும்.

வாசித்தவர் என்று யார் பெயரைப் போடுவது என்று நீ முன்பு கேட்டபோது, யார் பெயரும் வேண்டாம் என்றேன். என் பெயரைப் போடு. முழுப் பெயராகவே போடு.

இப்படிக்கு,
உன் பாட்டுக்குக் கிதார் வாசிக்கிற
அம்மா