இந்த வருடம் இன்னும் நாலு பேர்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே வெயில். கல்லூரி திறப்பு. மூன்றாம் வருடம். அப்பா வேனிலிருந்து இறக்கி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவசரமாகத் தறிக்கு.

முதலாண்டில் மாற்றுத்திறனாளிகள் நாலு பேராம். பார்வையில்லாத பையன், வெண்ணந்தூர். காது கேளாத அக்கா தங்கை. ஊன்றுகோலோடு கவிதா, ஜேடர்பாளையம். இரண்டு வருடமாக இங்கே நான் ஒருத்திதான். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. கேன்டீன் அக்கா எப்போதும் எனக்குத் தரும் முதல் பஜ்ஜியை அவர்களுக்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
தூறல். கவிதா தேடி வந்தாள். என் பெயர்கூடக் கேட்கவில்லை.

"ஏனுங்க்கா, நம்மளாட்டம் இருக்கறவங்களுக்கு பாத்ரூம் எங்கீங்க?"

கீழ்த்தளத்தில் கைப்பிடி வைத்தது ஒன்று உண்டு, எப்போதும் பூட்டு என்றேன். அப்புறம் இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்றாள். தண்ணீர் குடிக்கவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்
தலைவலி. கவிதா சாவி கேட்டு அலைந்தாள். அலுவலகம், நூலகம், மறுபடி அலுவலகம். விளையாட்டு ஆசிரியர், அப்படி ஓர் அறை இருக்கிறதா என்று அவளையே கேட்டாராம்.

முதல்வர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வரவேற்பு விழா. வழக்கம்போல் நான் தன்னம்பிக்கை பற்றிப் பேச வேண்டும். இந்த முறை கவிதாவும். என் பத்து நிமிடம் ஐந்தாகிவிட்டது. எரிச்சல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
விழா. புதுச் சுடிதார். என் பேச்சுக்கு நல்ல கைதட்டல். அடுத்து கவிதா. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"தன்னம்பிக்கையெல்லாம் எனக்கு ஊட்லயே நெறைய இருக்குதுங்க சார். பாத்ரூம் சாவிதானுங்க இல்ல."

பின்வரிசையில் ஒரு விசில். அப்புறம் கூரை அதிர்ந்தது. என் கைதட்டலெல்லாம் ஒன்றுமே இல்லை.

முதல்வர் மேடையிலிருந்தே சாவி கேட்டார். கிடைக்கவில்லை. பூட்டை உடைத்தார்கள். உள்ளே உடைந்த பெஞ்சுகள், பேட்மின்டன் வலை, சுருட்டிய பிளெக்ஸ் இரண்டு. ஒன்றை விரித்தால், நான். போன வருட விழா. இன்னொன்றிலும் நான், அதற்கு முந்தைய வருடம். ஆளுயரம், கையில் மைக். கீழே 'தன்னம்பிக்கையின் சிகரம்'. இத்தனை நாள் வழியை அடைத்துக்கொண்டு நின்றது நானேதான்.

கவிதா பிளெக்ஸைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியா இருக்குதுங்க்கா. எங்க ஆட்டுக் கொட்டாய்க்கு ஆகுமுங்க."

இரண்டையும் கொடுத்துவிட்டேன். மதியத்துக்குள் அறையைக் கழுவிவிட்டார்கள். கேன்டீனில் மோர். எனக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
நல்ல மழை. துணி காயவில்லை. கவிதா போனில் படம் அனுப்பியிருக்கிறாள். கொட்டாய் மேல் நான் சிரித்துக்கொண்டு. எனக்குக் கீழே ஏழெட்டு ஆடுகள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையாம்.