புளி படாத சின்னம்

இஞ்சாருங்கோ,

கிங்ஸ்பரியில் மழை விடவில்லை. மோர்டனிலிருந்து வந்த உங்கட தங்கச்சி நேற்றுத்தான் திரும்பிப் போனா. உங்கட முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் வீடு முழுக்கக் கழுவி, திரைச்சீலை, போர்வை, உங்கட சேட்டு எல்லாம் தோய்த்துத் தந்தா. ஒரு தலையணை உறையை மட்டும் காணவில்லை என்று தேடிக்கொண்டு திரிந்தா.

குத்துவிளக்குக்குப் புளி போட்டவ, நீங்கள் தேடித்தேடிச் சேர்த்த பழைய குதிரைப்படைத் தொப்பிச் சின்னங்களும் பித்தளைதானே என்று சேர்த்துத் தேய்த்துவிட்டா. "பாருங்கோ மச்சாள், அண்ணையின்ர சாமான் எல்லாம் புதுசு மாதிரி" என்றா. பாவம், அழுதழுது தேய்த்தவ.

கிரீடத்தின் உச்சி பள்ளமென்றால் ராணி காலம், உருண்டையென்றால் ராசா காலம் என்று பழைய சாமான் சந்தையில் எனக்குக் காட்டுவீங்கள். பித்தளையில் படிந்திருக்கிற அந்தக் கறுப்பில் மட்டும் கைவைக்க விடமாட்டீங்கள். "அதுதானப்பா அதின்ர வயசு. கழுவினால் அசலும் போலியும் ஒண்டுதான்" என்பீங்கள். இப்ப எல்லாம் ஒரே மாதிரி மினுங்குது.

இன்றைக்கு உங்கட குளிர் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் சின்னம் ஒன்று கிடந்தது. குறுக்கே இரண்டு ஈட்டி, மேலே உருண்டைக் கிரீடம். ராசா காலம், சரிதானே? கறுப்பின் மேல் உங்கட பெருவிரல் அடையாளம் அப்படியே இருக்குது.

நான் ஒளித்து வைத்திருக்கிற தலையணை உறைக்குள் அதையும் போட்டிருக்கிறன். உறையில் உங்கட மணம் குறைந்துகொண்டு வருது. விரல் அடையாளம் எவ்வளவு காலம் நிற்கும் என்று நீங்கள் சொல்லித்தரவில்லையே.

உங்கட மனிசி