எந்தப் பக்கம் திரும்பி நின்றேன்

28 மார்ச், சனி

மண்டையைப் பிளக்கும் வெயில். காற்று இல்லை. கிள்ளானிலிருந்து பாய்மரப் படகில் வெளியே போனோம். இன்று பரீட்சை. செக்ஸ்டண்ட் கண்ணாடி வழியாகச் சூரியனைக் கடல் கோடு வரைக்கும் இறக்கி, அதன் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, படகு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். ஜெயிப்பவருக்கு லங்காவித் தீவுக்குப் போகும் படகில் இடம். ஒரே இடம். போட்டிக்கு நானும் லிம் ஆன்டியும். ஆன்டி ஓய்வுபெற்ற டீச்சர், ஒரு வருஷமாகப் பயிற்சி. நான் படகு கிளப்பின் ஏர்கான் கழுவப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டவன். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம்மில் கணக்கு அவுட்.

கேப்டன் தனபாலன் அண்ணே எல்லார் போனையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். என்னிடம் இரண்டு போன். கஸ்டமர் போன் கால்சட்டைப் பையிலேயே. மறந்துதான் போனேன். முதலில்.

சூரியன் உச்சந்தலைக்கு நேரே. பிடித்தால் வழுக்குகிறது. மூன்று தடவை, மூன்று விடை. டாய்லட்டுக்குள் போய், படகு நிற்கும் இடத்தைப் போன் ஜிபிஎஸ்ஸில் பார்த்தேன். வெளியே வந்து கணக்கை விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். சந்தேகம் வரக்கூடாதே என்று விடையை ஒரு மைல் நானே தள்ளி வைத்தேன். அந்த மூளை எஸ்பிஎம்மில் எங்கே போச்சோ.

ஆன்டிக்கு இருபது மைல் தப்பு. "மணியம், பண்டாய் லா, கெட்டிக்காரன்," என்று முதலில் கை தட்டியது அவங்கதான்.

29, ஞாயிறு

சாயங்காலம் மழை. நேற்றுக் கரைக்கு வந்ததும் எடுத்த, செக்ஸ்டண்டோடு நான் நிற்கும் படத்தை மகள் தர்ஷினி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். 'அப்பா நட்சத்திரம் பார்த்தே கப்பல் ஓட்டுவார்.' நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் மச்சான், இனிமேல் காருக்கு ஜிபிஎஸ் வேண்டாம், உன்னை டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறான். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

தர்ஷினி லங்காவிக்குத் தொப்பி வேறு வாங்கி வந்திருக்கிறாள். தாடையில் கட்டும் கயிறோடு. போட்டுக் காட்டச் சொன்னாள். தலைவலி என்றேன்.

வாங்க வேண்டியது: செம்புக் குழாய், டேப், இஞ்சி.

31, செவ்வாய்

பிரிக்ஃபீல்ட்ஸ். துணிக்கடை ஏர்கான், தண்ணீர் ஒழுகல். ஏணி மேல் நிற்கும்போது லிம் ஆன்டியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டும் தப்பு எங்கே என்று தெரியவில்லையாம். சூரியன் நட்ட நடு உச்சியில் நின்றதால் எந்தப் பக்கக் கடல் கோட்டுக்கு இறக்குவது என்றே புரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாராம். சொல்லித் தருவியா என்று டீச்சர் என்னிடம் கேட்கிறார். "மணியம், நீ எந்தப் பக்கம் திரும்பி நின்னே?"

டாய்லட் கதவுப் பக்கம்.

பதில் போடவில்லை. கேட்டுவிட்டேன் என்று அவங்க போனில் காட்டியிருக்கும். கீழே இறங்கியதும் கடைக்கார அக்கா, "என்ன அண்ணே, கம்ப்ரெஸர் போயிடுச்சா? முகம் அப்படி இருக்கு," என்றார். கம்ப்ரெஸர் நல்லாத்தான் இருக்கு.

4 ஏப்ரல், சனி

காலையில் மேகம், பிறகு விலகியது. ஆன்டி வரவில்லை, பேரன் பிறந்தநாள். இரண்டு போனையும் டின்னில் போட்டேன். வடக்கே திரும்பி நின்று அளந்தேன். கணக்குப் போட்டு வரைபடத்தில் புள்ளி வைத்தால், படகு ஜெஞ்சாரோமில். எண்ணெய்ப்பனைத் தோட்டத்து நடுவில், பாயை விரித்துக்கொண்டு.

அந்தத் தாளையே கேப்டனிடம் நீட்டி, போன வாரம் செய்ததைச் சொன்னேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"சூரியன் உச்சியில நின்ன நாள்ல எனக்கே விடை ஒரு மைலுக்குள்ள வந்ததில்ல தம்பி. நீயா சொல்லுவியான்னு பார்த்தேன்."

லங்காவிக்கு ஆன்டி. அவ்வளவுதான். ஜெஞ்சாரோம் தாளைப் பார்த்து, இது பரவாயில்லை, அடுத்த வாரம் வா என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து தர்ஷினியிடமும் சொன்னேன். ஜெஞ்சாரோமைச் சொல்லும்போதாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தொப்பி மேசை மேல், விலைச்சீட்டுகூடப் பிரிக்காமல். லிம் ஆன்டிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"நீங்களே கொடுங்கப்பா. ஏன் கொடுக்கிறீங்கன்னு சொல்லிட்டுக் கொடுங்க."

நாளை காலை. ஆன்டி வீடு சாலாக் செலாத்தானில். வழி தெரியாது, போனைப் பார்த்துத்தான் போக வேண்டும்.